நூறிலே ஒன்றிரண்டு

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்ப்பது என் தொழில். அடையாள அட்டையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்று இருக்கும். ஊரில் "இரத்தம் சோதிக்கிற பிள்ளை" என்றால்தான் தெரியும். நுணுக்குக்காட்டியின் கீழே நான் கண்டவற்றில் எது வடிவானது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன்: இயோசினோபில். எது அருமையானது என்று கேட்டால், பேசோபில். இரண்டும் வெண்குழியங்கள். இரண்டும் எண்ணிக்கையில் சொற்பம். நூறு வெண்குழியங்களை எண்ணினால் இயோசினோபில் சாதாரணமாக ஒன்றிலிருந்து ஆறு வரைதான் இருக்கும். பேசோபில் ஒன்று அகப்பட்டால் பெரிய காரியம். பல படலங்களில் அதுவும் அகப்படாது. ஆனால் கூழ் குடித்துவிட்டு மேலெல்லாம் தடித்துப்போய் வருகிறவருக்கும், இரவிரவாகத் தொய்வில் இழுக்கிற பிள்ளைக்கும், வெறுங்காலோடு செம்மண்ணில் விளையாடிப் பூச்சி பிடித்த பொடியனுக்கும், நெருப்புக்காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறவருக்கும் நடுவே பொதுவாக ஓடுவது இந்தச் சொற்பக் கலங்களின் கதைதான். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதைக் காண்பதே ஒரு இன்பம். ஊதா மூடிக் குழாயில் வந்த இரத்தத்தில் ஒரு சிறு துளியைக் கண்ணாடி வழுக்கியின் ஓரத்தில் வைப்போம். இன்னொரு வழுக்கியைச் சாய்த்து அந்தத் துளியைத் தொட்டால், விளிம்பின் நீளத்துக்கும் இரத்தம் ஓடிப் பரவும். அந்த நொடியில் தயங்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. ஒரே சீராகத் தள்ளிவிட வேண்டும். படலம் தடிப்பாகத் தொடங்கி மெலிந்து மெலிந்து முனையில் இல்லாமற் போகும். காய்ந்ததும் லீஷ்மன் சாயத்தை ஊற்றி மூடுவோம். 1901இல் வில்லியம் லீஷ்மன் என்ற பிரித்தானிய இராணுவ மருத்துவர் தந்த சாயம் அது. மெதனோலில் இயோசினும் மெதிலீன் நீலமும் சேர்ந்தது. இரண்டு நிமிடம் பொறுத்து அதன்மேலேயே இரு மடங்கு பஃபர் தண்ணீர் விட்டால், பச்சையும் பொன்னும் கலந்த ஒரு மினுக்கம் மேலே படரும். அந்த மினுக்கத்தைக் கண்டால் மனம் நிறைந்துவிடும். சாயம் சரியாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் விட்டுக் கழுவி, பின்பக்கத்தைத் துடைத்து, நிமிர்த்தி வைத்துக் காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நூறு மடங்கு வில்லையை இறக்க வேண்டியதுதான்.

கண்ணுக்கு முன்னால் வெளிறிய ரோசா நிறத்தில் செங்குழியங்கள் பரந்து கிடக்கும். அங்கங்கே துண்டு துண்டான ஊதாக் கருவோடு நியூட்ரோபில்கள். உருண்டைக் கருவோடு நிணநீர்க்குழியங்கள். இவற்றைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒன்று வரும் பாருங்கள்: இரண்டே சோணையாகப் பிரிந்த கரு, அதைச் சுற்றி நன்றாகக் கனிந்த பனம்பழத்தின் களி நிறத்தில் ஒரே அளவான மணிகள், இடைவெளி இல்லாமல், விளிம்பு வரைக்கும். குவியத் திருகியை விரலால் ஒரு மயிரிழை திருப்பினால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக ஒளிரும். எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுத்ததில்லை. பக்கத்தில் யார் நின்றாலும் "ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிடாமல் விட்டதில்லை.

எனக்குப் படிப்பித்த சேர் இன்னும் ஒரு படி மேலே. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போன வருடங்களில் அவர் கண்ணாடி பூட்டிய பழைய நுணுக்குக்காட்டியை யன்னலோரம் தூக்கி வைத்து, வெயில் வெளிச்சத்தைத் திருப்பி விட்டு இரத்தம் பார்த்தவர். "பகல் வெளிச்சத்திலை இயோசினோபிலைப் பார்க்கிற வடிவு இந்தப் பல்புக்கு வராது பிள்ளை" என்று இன்றைக்கும் சொல்வார். நானும் ஒரு நாள் அப்படி வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது முழு உண்மை.

இந்தக் கலத்துக்கும் எங்கள் மண்ணுக்கும் காலக்கணக்கில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். இரத்தத்தில் மணிகள் நிறைந்த கலங்கள் உண்டு என்று லண்டனில் தோமஸ் வார்ட்டன் ஜோன்ஸ் எழுதியது 1846இல். அடுத்த வருடம், 1847இல், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்குகிறார். மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டே எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைப் படிப்பித்தார். பிறகு தமிழிலேயே படிப்பித்தார். அறுவை மருத்துவ நூலொன்றை 1867இல் ‘இரணவைத்தியம்’ என்று தமிழில் கொண்டுவந்தவரும் அவரே. 1873இல் அவர் ஊர் திரும்பிவிட்டார். மறு வருடம் ஜேர்மனியில் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலாளர் துணிக்குச் சாயம் தேடி இயோசினை உண்டாக்குகிறார். 1879இல் போல் எர்லிக் என்ற இளம் மருத்துவர் அந்தச் சாயத்தை இரத்தப் படலத்தில் ஊற்றிப் பார்த்து, அதை ஆவலோடு பிடித்துக்கொள்கிற மணிகளைக் கண்டு, கலத்துக்கு இயோசினோபில் என்று பெயர் வைத்தார். நீலச் சாயத்தைப் பிடிக்கிற பேசோபிலையும் பிரித்துக் காட்டியவர் அவர்தான். ஆறே வருடம்! கிறீன் இன்னும் கொஞ்சக் காலம் மானிப்பாயில் இருந்திருந்தால், எர்லிக்கின் கலங்களுக்கு அப்போதே நல்ல தமிழ்ப் பெயர்கள் பிறந்திருக்கும் என்று நான் திடமாக நம்புகிறேன்.

சரி, இந்த மணிகளுக்குள் என்ன இருக்கிறது? கடுமையான சரக்கு இருக்கிறது. பெருங்கார மூலப்புரதம் ஒன்று மணியின் நடுவே பளிங்காய் உறைந்து கிடக்கும். சுற்றிவர இன்னும் மூன்று நஞ்சுப் புரதங்கள். எல்லாம் ஏன்? பக்டீரியாவை நியூட்ரோபில் விழுங்கிவிடும். ஆனால் ஒரு கொழுக்கிப்புழுவின் குடம்பியை எந்த வெண்குழியம் விழுங்கும்? கலத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியது அது. அங்கேதான் இயோசினோபில் வேறு வழி எடுக்கிறது. பிறபொருளெதிரிகள் புழுவின் தோலில் ஒட்டிக்கொள்ள, அவற்றைப் பிடித்துக்கொண்டு இயோசினோபில்கள் வரிசையாகப் போய்ப் படுத்து, மணிகளைப் புழுவின் மேலேயே கொட்டுகின்றன. 1975இல் அன்ரனி பட்டர்வர்த்தும் கூட்டாளிகளும் இதைக் கண்ணாடித் தட்டில் சிஸ்ரோசோமா என்ற புழுவின் குடம்பிகளை வைத்தே காட்டினார்கள். 2008இல் வந்த செய்தி அதைவிட அதிசயமானது: பக்டீரியா எதிர்ப்பட்டால் இயோசினோபில் தன் இழைமணியின் டி.என்.ஏயை ஒரு நொடிக்குள் வெளியே எறிந்து வலை விரிக்கிறதாம். அப்படி எறிந்த பிறகும் கலம் உயிரோடு இருக்கிறது! இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். என்புமச்சையில் பிறந்த இயோசினோபில் இரத்தத்தில் ஒரு முழு நாள் கூட நிற்பதில்லை. குடல், தோல், சுவாசக் குழாய் என்று வெளி உலகம் உடம்பைத் தொடுகிற இடங்களுக்குப் போய்விடும். இரத்தத்தில் ஒன்று தெரிந்தால் திசுக்களில் நூறு இருக்கிறது என்று பாடநூல்கள் சொல்லும். ஆகவே படலத்தில் நான் காண்பது வழியில் போய்க்கொண்டிருப்பவற்றை மட்டும். அதனால்தான் அந்தக் கொஞ்சம் இவ்வளவு பேசுகிறது.

பேசுவதைக் கேட்பதற்கு யாழ்ப்பாணத்தைவிட நல்ல இடம் எது? நெருப்புக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமுமான கல். மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றுக்கு அழுக்கு ஊர்ந்து வர அதிக தூரம் வேண்டியதில்லை. இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் என்றால் யாழ்ப்பாணத்தின் பெயர் முதலில் வந்துகொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பல நாளாக விடாத காய்ச்சலோடு வந்த ஒருவரின் படலத்தை எண்ணுகிறேன். நியூட்ரோபில் இருக்கிறது, நிணநீர்க்குழியம் இருக்கிறது. நூறு எண்ணியாயிற்று, இயோசினோபில் ஒன்றுமில்லை. இன்னொரு நூறு எண்ணுகிறேன். ஒன்றுமில்லை. அந்த வெறுமை ஒரு சேதி. கடும் தொற்று வந்தால் உடம்பு இயோசினோபில்களை இரத்தத்திலிருந்து விலக்கிவிடும். நெருப்புக்காய்ச்சலில் அது அடிக்கடி முற்றாக இல்லாமற் போகும். இதை மட்டும் வைத்து நோயைச் சொல்லக் கூடாது, சொல்வது குருதி வளர்ப்புப் பரிசோதனைதான். ஆனால் கிருமி வளர்வதற்கு முன்னமே, நுணுக்குக்காட்டியில் கண் வைத்தவருக்கு ஒரு குறிப்பு கிடைத்துவிடுகிறது. இல்லாதது கூடத் தகவல் சொல்கிற கலம் இது!

பிறகு, காய்ச்சல் இறங்கி, ஒரு நாள் படலத்தின் ஓரத்தில் முதல் இயோசினோபில் மறுபடி தலைகாட்டும். அதைக் காணும்போது வருகிற சந்தோசத்தைச் சொல்லி முடியாது. எங்கள் பழைய ஆட்கள் அதைத் தேறுகிற அறிகுறியாகவே எடுத்தார்கள்.

பூச்சிக் கதை இதற்கு நேர் மாறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வயிற்றுக்குத்து, முகத்தில் வெளிறல். நூறில் பதினைந்து, இருபது என்று ஆரஞ்சு மணிகளாக வந்துகொண்டே இருக்கும். பூச்சிக்குளிசை கொடுத்துச் சில வாரம் கழித்து வந்தால் எண்ணிக்கை இறங்கியிருக்கும். சில பிள்ளைகளுக்கு மலத்தைச் சோதித்தால் முட்டை ஒன்றும் இராது, ஆனால் இயோசினோபில் எகிறி நிற்கும். அப்போது "வீட்டிலை நாய்க்குட்டி இருக்கோ?" என்று வைத்தியர் கேட்பார். நாயின் வட்டப்புழுவான டொக்சோகாரா மனிதக் குடலில் முதிர்ந்து முட்டை போடாது. குடம்பியாகவே ஈரலிலும் நுரையீரலிலும் சில வேளை கண்ணிலும் அலையும். மலத்தில் தேடிப் பயனில்லை. அதைப் பிடித்துக் கொடுக்கிற முதல் துப்பு பெரும்பாலும் எங்கள் எண்ணிக்கைதான்.

இப்படி ஒரு துப்பு ஒருமுறை பெருங்கூட்டம் ஒன்றையே காசநோய்ப் பட்டியலிலிருந்து மீட்டது. ஆந்திராவின் மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய்ச் சானடோரியத்தில், இரவில் விடாமல் இருமுகிறவர்களுக்கு நெஞ்சுப் படத்தில் புள்ளிகள் தெரிந்தன. காசநோய்க் கிருமியோ இல்லை. இரத்தத்தைப் பார்த்தால் இயோசினோபில் கொட்டிக் கிடந்தது. ஃபிரிமொட் மொல்லரும் பார்ட்டனும் 1940இல் இதை எழுதினார்கள். 1943இல் வைங்கார்ட்டன் அதற்கு வெப்பவலய இயோசினோபீலியா என்று பெயர் கொடுத்தார். யானைக்கால் புழுவின் குடம்பிகளுக்கு எதிராக நுரையீரலில் இயோசினோபில்கள் திரளுவதால் வருவது அது என்று பிறகு தெளிந்தது. யானைக்கால் நோய்க்குக் கொடுக்கிற மருந்திலேயே அந்த இருமலும் அடங்கும். இலங்கை யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் நாட்டின் பெரிய சாதனை அது. நாங்கள் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனிக் கூழுக்கு வருவோம். ஒடியல் மாவில் றால், நண்டு, கணவாய், மீன் எல்லாம் போட்டுக் காய்ச்சிய கூழ் முன்னால் வைத்தால் யாழ்ப்பாணத்தான் வேறு உலகத்தில் இருப்பான். ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்: "எனக்கு றால் கிரந்தி பிள்ளை, வாயிலை வைச்சாலே கடி தொடங்கிடும்." பெரியம்மாமார் சொல்கிற இந்தக் கிரந்தி கற்பனையில்லை. றாலிலும் நண்டிலும் இருக்கிற ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் பெரும்பாலும் அதற்குக் காரணம். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. ஆகவே "நல்லாய்க் காய்ச்சினது, ஒண்டும் செய்யாது" என்று வற்புறுத்துவது பிழை. மீனில் ஒவ்வாமை தருவது பார்வல்புமின் என்ற வேறு புரதம். அதனால் றால் ஒத்துவராத பலருக்கு மீன் ஒத்துவரும். வீட்டுத் தூசிப் பூச்சியிலும் கரப்பானிலும் ட்ரோபோமயோசின் இருப்பதால், தூசிக்குத் தும்முகிற சிலருக்கு றாலும் ஒத்துவராது. இவ்வளவையும் ஒரு சட்டிக் கூழுக்குள் வைத்தே படிப்பிக்கலாம்.

இந்த இடத்தில்தான் பேசோபில் மேடைக்கு வருகிறது. ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் சில பத்து மட்டும். எடுத்தவுடன் கண்ணில் படாது. பட்டால் விட மனம் வராது. கருநீலப் பெருமணிகள் கருவையே மூடிக்கொண்டு இருக்கும். மணிகள் தண்ணீரில் கரையக்கூடியவை என்பதால் கழுவும்போது சில கரைந்துபோய், அந்த இடங்களில் வெறும் குழிகள் தெரியும். அந்தக் குழிகளையும் எனக்குப் பிடிக்கும். அந்த மணிகளில் இருப்பது ஹிஸ்டமின். கலத்தின் மேற்பரப்பில் ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரி காத்திருக்கும். றாலின் புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து இரண்டு ஐ.ஜி.ஈக்களைச் சேர்த்துப் பிடித்துவிட்டால், நிமிடக் கணக்கில் ஹிஸ்டமின் வெளியே. தோல் தடிக்கும், கடிக்கும், உதடு வீங்கும், மூச்சு அடைக்கும், இரத்த அமுக்கம் விழும். திசுக்களில் இருக்கிற மாஸ்ட் கலம் இந்த வேலையில் பெரும் பங்கு எடுக்கிறது. இரத்தத்தில் ஓடுகிற பேசோபில் அதனோடு கை கோக்கிறது. ஒரு கடும் ஒவ்வாமையில் உயிரைப் பிடித்து வைப்பது தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி. அதில் தாமதம் கூடாது. வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

ஐ.ஜி.ஈ கண்டுபிடிக்கப்பட்ட கதையை நான் ஒவ்வொரு பயிற்சி மாணவருக்கும் சொல்வேன். 1921இல் ஜேர்மனியில் கூஸ்ட்னர் என்ற வைத்தியருக்குச் சமைத்த மீன் ஒத்துவராது. அவருடைய குருதித் தெளியத்தைக் கொஞ்சம் எடுத்து, மீன் தாராளமாகச் சாப்பிடுகிற நண்பர் பிரவுஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அந்த இடத்திலேயே மீன் சாற்றை ஏற்ற, அங்கே தடிப்பு எழும்பியது. ஒவ்வாமை இரத்தத்தில் ஓடுகிற ஒரு பொருள் என்பது அப்படி நிரூபணமாயிற்று. அந்தப் பொருளைப் பிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருடம் தேவைப்பட்டது. 1966இல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியர் ராக்வீட் மகரந்தம் ஒத்துவராதவர்களின் தெளியத்திலிருந்து அதைப் பிரித்தார்கள்; அதே காலத்தில் சுவீடனில் யொஹான்சனும் பென்னிக்கும் தனியாக அதை எட்டினார்கள்; 1968இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.ஜி.ஈ என்ற பெயரை உறுதிசெய்தது. ஏன் இவ்வளவு காலம்? இரத்தத்தில் அது அவ்வளவு சொற்பம். ஐ.ஜி.ஜி இருக்கிற அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. எல்லாவற்றிலும் குறைவான பிறபொருளெதிரி, எல்லாவற்றிலும் குறைவான வெண்குழியத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு முழு மனிதனை விழுத்திவிடுகிறது. இதைவிட வியப்பான ஏற்பாடு உடம்பில் வேறு எங்கே இருக்கிறது?

அந்த ராக்வீட்டுக்கு எங்கள் ஊரில் ஒரு சொந்தம் உண்டு: பார்த்தீனியம். அதே சூரியகாந்திக் குடும்பம். இந்திய அமைதிப்படை இருந்த காலத்தில் வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். வெங்காயத் தோட்டத்து வரப்பிலும், ஒழுங்கை ஓரத்திலும், ஆளில்லாத வளவுகளிலும் வெள்ளைப் பூவாகப் பூத்து நிற்கிறது. ராக்வீட்டுக்குப் பழகிய ஐ.ஜி.ஈ பார்த்தீனியத்தின் மகரந்தத்தையும் அடையாளம் கண்டுவிடும். அதன் மகரந்தத்தால் வருகிற தும்மலும் மூக்கோட்டமும் ஐ.ஜி.ஈயின் வேலை. ஆனால் செடியைப் பிடுங்குகிறவரின் கையிலும் கழுத்திலும் வருகிற கடுவன் அப்படியல்ல. அது டி நிணநீர்க்குழியங்களின் வேலை, ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். என் செல்லக் கலங்களுக்கு எல்லாப் பெருமையையும் அள்ளிக் கொடுக்க எனக்கு ஆசைதான், ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கையுறை போட்டு, பூப்பதற்கு முன் பிடுங்குங்கள்.

தொய்வுக்காரரின் சளியில் இன்னொரு காட்சி. இரு முனையும் கூரான, நிறமற்ற, பளிச்சென்ற படிகங்கள். 1853இல் ஷார்க்கோவும், 1872இல் தொய்வுச் சளியில் லைடனும் விவரித்தவை. அவை கலெக்ரின்-10 என்ற இயோசினோபில் புரதம் உறைந்து வருபவை. சாட்சியாகக் கிடக்கிற வெறும் படிகம் என்று நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக நினைத்திருந்தார்கள். அந்தப் படிகமே சுவாசக் குழாயைக் குத்தி அழற்சியை மூட்டுகிறது என்று 2019இல் காட்டினார்கள். இயோசினோபிலை வளர்க்கிற இன்ரர்லியூக்கின்-5 என்ற சமிக்ஞையைத் தடுக்கிற மெபோலிசுமப் என்ற ஊசி 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யாருக்கு அந்த ஊசி உதவும் என்று தீர்மானிக்க வைத்தியர்கள் முதலில் கேட்பது எதை? இரத்தத்தில் இயோசினோபில் எத்தனை என்பதைத்தான்! எர்லிக் காலத்து எண்ணிக்கைக்கு இன்றைக்கும் இவ்வளவு மதிப்பு.

பேசோபிலை ஒவ்வாமைக் குற்றவாளியாக மட்டும் நினைத்து விடாதீர்கள். ஒருமுறை உண்ணி கடித்த கினிப் பன்றியில் அடுத்த முறை உண்ணியால் வயிறு நிறையக் குடிக்க முடியாது என்று 1939இல் வில்லியம் ட்ரேகர் கண்டார். பிறகு பார்த்தால் கடித்த இடத்தில் பேசோபில்கள் கூடி நின்றன. 2010இல் ஜப்பானில் எலிகளிலிருந்து பேசோபில்களை மட்டும் அகற்றிப் பார்த்தார்கள். அந்த எதிர்ப்பு அப்படியே போய்விட்டது. ஆடும் நாயும் உண்ணியுமாய் வாழ்கிற எங்களுக்கு இது நல்ல செய்தி. முள்ளந்தண்டுள்ள பல விலங்குகளில் இந்தக் கலத்தைப் பரிணாமம் காப்பாற்றி வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது.

பேசோபில் அருமையாய் இருக்கும் வரைக்கும்தான் அழகு. ஒரு படலத்தில் பேசோபில் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கினால் என் கை நின்றுவிடும். நாட்பட்ட மைலொயிட் இரத்தப் புற்றுநோயில் அப்படி வரும். உடனே வைத்தியருக்கு அறிவிப்போம். 2001இல் இமாற்றினிப் குளிசை வந்த பிறகு அந்த நோயின் தலையெழுத்தே மாறிவிட்டது. நாட்டின் தென்கோடியிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்து திரட்டிய நிதியில் எழும்பிய புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில் இருக்கிறது என்பதும் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான கலங்களை எண்ணித் துண்டில் அடித்துத் தந்துவிடும். இயோசினோபிலில் அவை கெட்டி. ஆனால் பேசோபில் எண்ணிக்கையில் இயந்திரம் சொன்னதை நான் கண்ணால் பாராமல் நம்பமாட்டேன்.

உங்கள் கையில் அடுத்த முறை எஃப்.பி.சி. என்ற முழு இரத்த எண்ணிக்கை அறிக்கை வந்தால் மொத்த எண்ணிக்கையோடும் பிளேற்லெற்றோடும் நிறுத்தாதீர்கள். இயோசினோபில் வரியையும் பாருங்கள். வீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். மொத்த வெண்குழிய எண்ணிக்கையோடு பெருக்குங்கள். 4,000 வெண்குழியத்தில் பத்து வீதம் என்றால் 400, அது சாதாரணம். 12,000இல் அதே பத்து வீதம் 1,200, அதற்குக் காரணம் தேட வேண்டும். ஒரு மைக்ரோலீற்றரில் 500க்கு மேல் நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவும் 1,500க்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். காலையில் குறைவாகவும் இரவில் கூடவும் இருக்கிற கலம் அது, ஆகவே மறுபடி சோதிக்கும்போது அதே நேரத்தில் இரத்தம் கொடுங்கள். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசை எடுத்திருந்தால் இரத்தம் எடுக்கிறவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு சில மணித்தியாலத்தில் இயோசினோபிலை அது இரத்தத்திலிருந்து துரத்திவிடும், எங்களுக்குக் கிடைக்க வேண்டிய துப்பும் அதோடு போய்விடும்.

ஏ.எல். உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத்தில் இருக்கிற படத்தை வரைந்து, பெயரைக் குறித்து, புள்ளி வாங்குவதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆசிரியரோடு பக்கத்தில் இருக்கிற ஆய்வுகூடத்துக்குப் போய், ஒரு இயோசினோபிலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் யாரும் மாட்டோம் என்று சொல்ல மாட்டோம்.